மாடி அறை விருந்தாளி

நூற்றைம்பது வருடத்துப் பழைய வீடு. திங்கட்கிழமை முதல் அது தங்கும் விடுதி; அறையோடு காலைச் சாப்பாடும் உண்டு. இதில் குறை கண்டுபிடிக்க இனிமேல்தான் ஒருவர் பிறந்து வரவேண்டும் என்ற தெம்போடு, காபித் தட்டும் கையுமாக மாடி அறைக் கதவைத் தட்டினார் வீட்டுக்காரர்.

"ராத்திரி நல்லா தூங்கினீங்களா மேடம்?"

"எங்கே? ஜன்னல் விடிய விடிய தடதடன்னு அடிச்சுக்குது. பாத்ரூம் தாழ்ப்பாள் விழவே மாட்டேங்குது. மாடிப்படியில மூணாவது பலகை வேற ஆடுது."

அவர் முகம் சுளிக்கவில்லை. குறிப்பேட்டை எடுத்து ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார்.

"சாயங்காலத்துக்குள்ள ஆசாரி வந்துடுவாரு மேடம். விருந்தாளி சொல்லி நான் தட்டுவேனா?"

"காபியில சர்க்கரையும் தூக்கல்."

"மன்னிச்சுக்கங்க, வேற போட்டுக் கொண்டாரேன்."

கீழேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். "ஒத்திகை முடிஞ்சுதாம்மா? அப்பா பாஸா, ஃபெயிலா?"

"பாஸ்தான்டி!" விருந்தாளி தலையணையில் சாய்ந்துகொண்டாள். "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்தத் தாழ்ப்பாளைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம். உங்கப்பா இன்னைக்குத்தான் பேனாவையே எடுத்திருக்காரு!"

அவர் அசடு வழியக் குறிப்பேட்டை மூடப்போனார்.

"மூடாதீங்க" என்றாள் அவள். "அடுப்படிக்கு நான் இன்னும் வரவே இல்ல."