லென்ஸின் வளைவு

நேராக நிற்கிற விளக்குக் கம்பம், படத்தில் மட்டும் வில்லாக வளைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நஜ்லாவின் கம்ப்யூட்டர் திரையில் அப்படித்தான் நின்றது. கம்பத்தை ஒட்டி, அவர்கள் குடியிருக்கும் நாலு மாடிக் கட்டடத்தின் பக்கச் சுவர் பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி புடைத்திருந்தது.

படம் எடுத்தவர் கட்டடத்தின் சொந்தக்காரர் ஹாஜி மித்வல்லி. எதிர் மாடியில் ஏறி, அகல லென்ஸில் எடுத்து, 'கட்டடம் இடியப் போகிறது, குடித்தனக்காரர்களைக் காலி செய்யுங்கள்' என்று நகராட்சியில் மனுக் கொடுத்துவிட்டார். நகராட்சி அந்தப் படத்தைக் குடித்தனக்காரர்களுக்கும் அனுப்பியிருந்தது. விடிந்தால் இன்ஜினியர் வருகிறார்.

"நாப்பது வருஷமா அந்தச் சுவருக்குக் கீழதான் டீ குடிக்கிறேன். எனக்குத் தெரியாத வளைவா?" என்றார் பழைய டிராம் ஓட்டுநர் ஷெஹாத்தா.

"நம்ம சந்துல நிமிர்ந்தா துணிக்கொடிதான் தெரியும். நீங்க என்னத்தப் பாத்தீங்க மாமா?" என்றாள் மேல்வீட்டு உம் ரஜப். "நஜ்லா, சீக்கிரம் நேராக்குடி. இந்த வாடகைக்கு அலெக்ஸாண்ட்ரியாவுல கோழிக்கூடு கூடக் கிடைக்காது. புள்ளைங்களோட கடற்கரையிலயா போய்ப் படுக்கிறது?"

ஒன்பது குடும்பமும் அவள் அறைக்குள் நெருக்கியடித்து நின்றது. எழுந்து வாசலுக்குப் போகக்கூட வழியில்லை. நஜ்லா கல்யாண ஸ்டுடியோவில் படம் திருத்துகிறவள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். லிபியாவுக்குப் போன புருஷன் போனவன்தான். இந்த அறையை விட்டால் அவளுக்கும் போக்கிடம் இல்லை.

"அகல லென்ஸுல எடுத்தா ஓரத்துல இருக்கிறதெல்லாம் வளையும்," என்றாள். "எந்த லென்ஸுன்னு படத்துக்குள்ளயே பதிஞ்சிருக்கு. அதுக்கான திருத்தம் சாஃப்ட்வேர்ல இருக்கு. ஒரு க்ளிக்தான்."

க்ளிக் செய்தாள். படம் ஒரு குலுங்கு குலுங்கியது. கம்பம் விறைத்து நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்! மாட்டுனான் ஹாஜி!" என்று ஷெஹாத்தா திரைக்கு முன்னால் வந்து குதித்தார்.

"நகருங்க மாமா, சுவரு தெரியல," என்றாள் உம் ரஜப்.

நஜ்லா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இப்படித் தலைக்கு மேல நின்னா நான் எப்படி வேலை பாக்குறது? இன்னும் கொஞ்சம் இருக்கு. போய் டீ போடுங்கக்கா."

அரை மணி நேரம் கழித்துக் காட்டினாள். சுவர் நூல் பிடித்த மாதிரி நின்றது. உம் ரஜப் குலவையிட்டாள். ஷெஹாத்தா நஜ்லாவின் பிள்ளைகளுக்கு எள்ளு மிட்டாய் வாங்கி வந்தார்.

எல்லாரும் போன பிறகு, நஜ்லா பிள்ளைகளின் கட்டிலை அந்தப் பக்கச் சுவரோரத்திலிருந்து இழுத்து வாசல் பக்கம் போட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இன்ஜினியர் வந்தார். சந்தில் நிமிர்ந்து பார்த்தார்; துணிக்கொடிதான் தெரிந்தது. ஹாஜியின் படத்தையும் நஜ்லா திருத்திய படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஹாஜியின் மனுவைத் தள்ளுபடி செய்து கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். நஜ்லா அந்தத் தாளின் மேல் கையை வைத்தாள்.

"லென்ஸைத் திருத்துனப்புறமும் சுவரு வளைஞ்சேதான் சார் இருந்துச்சு. அத நேராக்குனது நான்தான்."