மேதாவி சொன்ன பதில்

"சார், இந்த புரோகிராம் ஏன் பாதியில நிக்குதுன்னு சொல்லுங்களேன். சாயங்காலம் குடுத்தாகணும்."

"பாடம் நடத்த எனக்கு நேரமில்லம்மா," என்றார் சீனியர்.

மோடம் கீச்சிட்டு இணையம் வந்த காலம். புரோகிராமர்கள் கூடும் ஃபோரத்தில் அவள் கேள்வியைப் போட்டாள். மதியம்வரை ஈ, காக்கைகூட எட்டிப்பார்க்கவில்லை. பிறகு 'மேதாவி' என்றொரு ஆசாமி பதில் போட்டான்.

அங்கேயே பழியாய்க் கிடக்கும் சீனியர் கொதித்துப்போனார். "எவன்யா இவன்? அத்தனையும் தப்பு!"

சாப்பாட்டைக்கூடத் தொடாமல் மேதாவியைக் கிழிகிழியென்று கிழித்து, சரியான விடையை வரிவரியாக எழுதினார். அதைப் பார்த்து அவள் திருத்தினாள், புரோகிராம் ஓடியது.

"அந்த முட்டாளை நம்பியிருந்தா உன் கதி என்னம்மா?"

"நல்லவேளை, காப்பாத்துனீங்க சார்!"

அடுத்த சந்தேகத்தையும் ஃபோரத்தில் போட்டவள், வெளியேறி, பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி நுழைந்தாள், மேதாவியாக.