கிணற்றுக்குப் போட்ட மருந்து

அண்டி ஆபீஸில் காலை எட்டு மணியிலிருந்து குத்தவைத்து உட்கார்ந்து முந்திரி உடைத்ததில், ஷீஜாவுக்கு இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிக் காலை இழுத்துக்கொண்டு பெட்ரோல் பங்கைத் தாண்டும்போதுதான் அதைப் பார்த்தாள்.

பங்கு முதலாளி பினு பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலாக ஒரு வலைப்பையை நீட்டினான். திருவிருந்து வாங்குகிறவள் போல அதை இரண்டு கையாலும் வாங்கினாள் ரோஸ், ஷீஜாவின் அண்ணன் பெண்சாதி. வாங்கிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

"நெழல்ல வெச்சுக்கோ ரோஸே. உள்ள இருக்கது உசுருள்ள அணுவாக்கும். கெணத்துல உள்ள எண்ணெயத் தின்னே தீத்துப்போடும். சனிக்குச் சனி ஒரு பை, எட்டு ஆழ்ச்ச கழிஞ்சா அந்த வெள்ளத்துல நீ காப்பி போடலாம்."

பைக்குள் ஜவ்வரிசி போல உருண்டைகள். பெட்ரோல், டீசலைத் தின்னும் பாக்டீரியாவைக் கடற்பாசிக் கூழுக்குள் அடைத்துச் செய்தவை. திருவனந்தபுரத்தில் யாரோ லேப்காரனைப் பிடித்து பினு வாங்கி வந்திருந்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால் அந்த வீட்டுக் கிணற்றைத் தூர்வார இறங்கிய அண்ணன் ராஜையன் கயிற்றில் பிணமாகத்தான் ஏறினான். பங்கின் டாங்கு கசிந்து கிணற்றில் கட்டியிருந்த பெட்ரோல் ஆவி அவன் மூச்சை அடைத்துவிட்டது.

"மூக்கு முட்டக் குடிச்சிட்டு எறங்கியிருக்கான்" என்று பிணம் மேலே வருமுன்பே சொல்லிவிட்டான் பினு. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன். போஸ்ட்மார்ட்டத்தில் குடிக்கவில்லை என்று வந்தபிறகும் ஊர் வாய் அடங்கவில்லை. அடக்க ஆராதனையில் குடிக்கு அடிமையானவர்களுக்காகத் தனியாக ஒரு ஜெபமே நடந்தது.

கேஸ் போட்டது ஷீஜா. அதற்குள் பினு டாங்குக் குழாயை மாற்றிவிட்டான். மிச்சம் இருந்த சாட்சி கிணற்றுத் தண்ணீர் ஒன்றுதான். கோர்ட்டு நியமித்த கமிஷன் வக்கீல் வந்து அதை எடுக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. "எங்க முத்தத்துல கால வெச்சா வெட்டிப்போடுவேன்" என்று ஷீஜா கத்தியைத் தூக்கியதிலிருந்து பினு மதிலோடு நின்றான். இப்போது ரோஸின் கையால் காரியத்தை முடிக்கப் பார்க்கிறான்.

"மைனி! வெக்கம் உண்டா ஒனக்கு? எங்கண்ணன் செத்த கெணத்தக் கழுவி அவனுக்குச் சாட்சி இல்லாம ஆக்கிக் குடுக்கியா?"

"சத்தம் போடாத பிள்ளே. குடிக்க வெள்ளம் வேண்டாமா?"

"குடி. எங்கண்ணன் ரத்தத்தையும் கலக்கிக் குடி!"

மதிலுக்கு அந்தப் பக்கம் பினு இளித்தான். "ஒன் மைனிக்கு உள்ள புத்தி ஒனக்கு இல்லாம போச்சே ஷீஜா."

பின்கட்டில் மூட்டிய அடுப்பில் நெல் அவிக்கிற பெரிய கலம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஷீஜா அதையும் விடவில்லை. "ஒத்தைக்கு இருக்கவளுக்கு எதுக்கு இம்புட்டு வெந்நி? குளிச்சு மினுக்கிட்டு அவன் கூடப் போவப் போறியா?"

ரோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

சனிக்கிழமைதோறும் ஒரு பை வந்தது. ரோஸ் அதைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கி, வாயைத் தகரத்தால் மூடிக் கல் வைத்தாள். "நாத்தம் கொறஞ்சுதா?" என்று பினு மதிலுக்கு அப்பாலிருந்து கேட்பான். "கொறயுது மொதலாளி" என்பாள். பங்கிலேயே கிடந்த அவன் மூக்குக்கு எந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரிய வழியில்லை. அண்ணனைத் தூக்கிய நாளுக்குப் பிறகு ஷீஜா அந்தக் கிணற்றடிக்கே போனதில்லை. சபையிலும் ரோஸ் இருந்த பெஞ்சை விட்டு மாறி உட்கார்ந்தாள்.

கமிஷன் வக்கீலம்மா வந்த அன்று, எட்டுப் பையும் இறங்கிவிட்ட தைரியத்தில் பினு முற்றத்துக்குள்ளேயே வந்துவிட்டான். "எடுங்க மேடம், எடுங்க. வேணும்னா குடிச்சும் பாருங்க."

ரோஸ் தகரத்தை நகர்த்தி வாளியை விட்டாள். வாளி பாதி ஏறுவதற்குள் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. வக்கீலம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். தண்ணீரின் மேல் எண்ணெய் ஏழு நிறத்தில் நெளிந்தது.

பாட்டில்களில் நிரப்பி, அரக்கு வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வக்கீலம்மா காரில் ஏறினாள். பினு ரோஸின் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தான்.

"பையெல்லாம் என்னடி செஞ்ச? கெணத்துல இட்டில்லியா?"

"இட்டேனே மொதலாளி. எட்டும் நீங்க சொன்ன கெழமைக்கே இட்டேன்."

"பின்ன?"

"அவிச்சு இட்டேன்."

ஓரமாக நின்ற ஷீஜா கிணற்றடிக்கு வந்தாள். "மைனி... எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?"

"சொல்லியிருந்தா நீ இப்படி வயிறெரிஞ்சு ஏசியிருக்க மாட்ட. நீ ஏசலன்னா இவன் நம்பியிருக்க மாட்டான்."

பினுவின் குரல் இறங்கியது. "கோர்ட்டுக்குப் போவாண்டாம் ரோஸே. என்ன வேணும்னு சொல்லு, தந்துபோடுதேன்."

ரோஸ் வாளித் தண்ணீரை அவன் காலடியில் கவிழ்த்தாள்.

"ராஜையன் ஒரு சொட்டும் குடிக்கல்லன்னு சபையில ஏறி நின்னு சொல்லும், அது ஒண்ணுதான் பாக்கி."