சொன்னதைச் சொன்னபடி

“இந்தப் பிள்ளைங்க வரும்போது வெறும் களிமண்ணு சார். சொன்னதை எழுதக்கூடத் தெரியாது. அன்பாலயே ஆளாக்கினேன்,” என்று குழைந்தாள் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

நல்லாசிரியர் விருதுக்கு ஆள் பார்க்க வந்த அதிகாரி, “‘எங்கள் டீச்சர்’னு பிள்ளைங்களை எழுதச் சொல்லியிருந்தேனே?” என்றார்.

“இதோ சார். அதுங்களே சொந்தமா எழுதினது. நான் எட்டிக்கூடப் பார்க்கல.”

பார்க்காதது மட்டும் நிஜம். நோட்டைத் திருத்துகிற வழக்கம் இருந்தால்தானே!

அதிகாரி மேலே இருந்த நோட்டைப் பிரித்து உரக்கப் படித்தார்: “எங்கள் டீச்சர் அன்பே உருவானவர். கடைசி பெஞ்சு எருமை, என்ன இளிப்பு? எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. எழுதித் தொலைங்க சனியன்களே, முதுகு பிஞ்சிடும்.”

அடுத்த நோட்டிலும் அதே எருமை. அதற்கடுத்ததிலும்.

“நல்லாத்தான் ஆளாக்கியிருக்கீங்க,” என்றார் அதிகாரி. “நீங்க சொன்னதை ஒரு எழுத்து விடாம எழுதியிருக்குதுங்க.”