பஜ்ஜி எண்ணெயில் ஓடும் வேன்

"டின்னைத் திறய்யா!"

பள்ளிக்கூட வாசலில் வேனை மறித்துக்கொண்டு நின்றார் மணவாளன்.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பதினாறு பிள்ளைகள் அந்த வேனில்தான் வருகிறார்கள். அதில் ஒன்று அவர் மகன். பெற்றோர் சார்பில் வேன் விவகாரங்களைக் கவனிப்பவரும் அவரே. யாரும் நியமிக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்ட பதவி.

பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்திருந்த டிரைவர் கோதண்டம், தகர டின்னைத் திறந்து காட்டினார்.

கன்னங்கரேல் என்று எண்ணெய். சூடுகூட ஆறவில்லை. மேலே கருகின மாவு மிதந்தது.

"பார்த்தீங்களா? பஜ்ஜி சுட்ட எண்ணெய்! தினம் சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போறான். நேத்து என் கண்ணாலயே பார்த்தேன்."

கூட வந்திருந்த ஜமீலா எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அவர் மகளும் அதே வேன்தான்.

"இதை என்ன பண்றீங்கண்ணே?"

கோதண்டம் வாயைத் திறப்பதற்குள், வாசலோரம் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்த பஜ்ஜிக்கடை பூங்காவனம் முந்திக்கொண்டாள்.

"டீசலோட கலந்து வண்டிக்கு ஊத்துதும்மா அண்ணாத்தே. வண்டி சும்மா பிச்சுகினு போவுதாம்! ஓசியில ஒண்ணும் எடுத்துக்கல, காசு குடுத்துதான் வாங்கினு போவுது."

பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு ஆளைக் கவிழ்த்துவிட்டாள் புண்ணியவதி.

"அந்தம்மா சொல்றது நிஜமாய்யா?"

கோதண்டம் பூங்காவனத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஆமா சார். ஊத்தறேன்."

"அப்படிப் போடு! போன வாரம் லெவல் கிராஸிங்ல வண்டி நின்னுச்சே, ஏன்னு இப்பத்தானே தெரியுது. தண்டவாளத்துக்குப் பத்தடி முன்னால நின்னுச்சு. தண்டவாளத்து மேலயே நின்னிருந்தா? பதினாறு குழந்தைங்கய்யா!"

"யா அல்லா!" ஜமீலாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. "உங்களை நம்பித்தானேண்ணே அனுப்பறோம். டீசல் மிச்சம் பிடிக்க எங்க பிள்ளைங்க உசுருதான் கிடைச்சுதா?"

"தப்புதான்க்கா. இனிமே ஊத்த மாட்டேன்."

"இனிமேலா? திங்கக்கிழமையிலேர்ந்து வேற வேன். உன் சங்காத்தமே வேணாம் சாமி!" என்றார் மணவாளன்.

அந்தப் பதினாறு பிள்ளைகள்தான் கோதண்டத்தின் பிழைப்பு. வேறு சவாரி கிடையாது. அவர் முகம் வெளுத்துப் போனது. டின்னை மூடி வேனுக்குள் வைத்தார்.

மணவாளன் அதோடு விடுகிற ஆளா? ஹெட்மாஸ்டரிடம் எழுதிக் கொடுக்க ஆதாரம் வேண்டுமாம். ஜமீலா வீட்டுக்குக் கிளம்ப, இவர் வேனில் ஏறி உட்கார்ந்து, இரண்டு தெரு தள்ளியிருந்த பால்ராஜ் மெக்கானிக் ஷெட்டுக்கு விடச் சொன்னார்.

விஷயத்தைக் கேட்டதும் பால்ராஜ் சிரித்தார்.

"நல்லா வடிகட்டி, தண்ணி சேராம, கொஞ்சமா கலந்தா ஓடத்தான் சார் ஓடும். ஆனா இந்தக் கசடை ஊத்தினா ஃபில்டர் அடைச்சிக்கும். நாள்கணக்கா டின்லயே வெச்சிருந்தா கெட்டியாயிடும், இன்னும் மோசம். நடுரோட்டுல மக்கர் பண்ணும்."

"அதேதான்! அதேதான் நடந்தது! கழட்டுங்க."

பால்ராஜ் ஃபில்டரைக் கழற்றினார். முகர்ந்து பார்த்தார். டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் டீசலை ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"யாரு சார் உங்களுக்குச் சொன்னது? இதுல ஒரு சொட்டு எண்ணெய்கூட விழுந்ததில்ல. சுத்தமான டீசல். ஃபில்டரும் புதுசு."

"அப்ப வண்டி நின்னது?"

"இதோ, பைப்ல வாஷர் தேஞ்சிருக்கு பாருங்க. காத்து பூந்துடுச்சு. டீசல் எப்படி ஏறும்? அஞ்சு நிமிஷத்துல மாத்திடறேன்."

மணவாளன் பாட்டிலை வாங்கித் தானும் முகர்ந்து பார்த்தார். கோபம் கோதண்டத்தின் மேல் திரும்பியது.

"யோவ், கிறுக்கா உனக்கு? ஊத்தவே இல்லைன்னா அங்கேயே சொல்லித் தொலைக்கிறதுதானே? பிழைப்பே போகப் பார்த்துதேய்யா! அந்த எண்ணெயை என்னதான் பண்றே?"

"கோவில்பதாகையில ஊடு கட்டிகினு கீறாங்கல்ல சார். காங்கிரீட் ஒட்டாம இருக்க சென்ட்ரிங் பலகையில தடவறதுக்கு மேஸ்திரி எடுத்துக்குவாரு."

"விக்கிறியா?"

"இல்ல சார், சும்மாதான் குடுக்கறேன்."

"காசு குடுத்து வாங்கி, சும்மா குடுக்கறியா? நல்லாருக்கே கதை! அப்புறம் எதுக்கு அந்தம்மாகிட்ட வண்டிக்கு ஊத்தறேன்னு புளுகினே?"

கோதண்டம் தெருப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பூங்காவனம் அங்கே எங்கே இருக்கப் போகிறாள்? இருந்தாலும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"வண்டிக்கு வோணும்னாதான் சார் அது விக்கும். நெசத்தைச் சொன்னா அதுக்கு அவமானமாப் பூடும். அப்புறம் ஒரு சொட்டு குடுக்காது."

"குடுக்காட்டிப் போகட்டுமேய்யா! அதனால உனக்கு என்ன நஷ்டம்?"

"எனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல சார். நான் வாங்கலைன்னா அதே எண்ணெயிலதான் நாளைக்கும் சுடும், நாளான்னைக்கும் சுடும். வேனுக்கு நிக்கசொல்லோ தெனம் அங்க மூணு பஜ்ஜி துன்றது உங்க புள்ளதான் சார்."