வேலியில் காயும் துணி

"அந்தப் பக்கத்து வீட்டு மிக்டாலியா திருடிதான்! இன்னைக்குப் போலீஸ்ல சொல்லாம விடமாட்டேன்."

ஒடாலிஸ் கார் கதவை அறைந்து சாத்தினாள். கணவன் எராஸ்மோ வண்டியைக் கிளப்பினான். அவனைவிட வயதான கார் அது. அதில் ஆள் ஏற்றித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"துணி மாட்டுற மரக் கிளிப் ஒரு டஜன்! நீலப் பொட்டு வச்ச என் கிளிப்! கியூபா முழுக்கத் தேடினாலும் இப்ப மரத்துல கிடைக்குதா? என் போர்வை சேத்துல கிடக்குது."

"அவங்கதான் எடுத்தாங்கன்னு..."

"வேற யாரு? நடுவுல ஒரு வேலிதானே? நேத்து மூஞ்சிக்கு நேரா 'திருடி'ன்னேன். வாயைத் திறக்கலையே! தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போயிட்டா. தப்புப் பண்ணாதவ அப்படிப் போவாளா?"

"ம்."

"நடிப்பு வேற! துணியெல்லாம் வேலி மேல காயப்போடுறா. கொடியில என் கிளிப்பை மாட்டினா நான் பார்த்துடுவேன்ல!"

போனியாட்டோ மலை ஏற்றம் வந்தது. போலீஸ் ஸ்டேஷன் அதற்கு அந்தப் பக்கம். வெயில் கொளுத்தியது. இன்ஜின் சூடேறினால் வண்டி இங்கேதான் படுத்துக்கொள்ளும். போன மாதம் முழுக்கப் பயணிகள் திட்டிக்கொண்டே பாதியில் இறங்கிப் போனார்கள். இக்னிஷன் காயிலை மாற்றியும், கார்புரேட்டரைக் கழுவியும் பலனில்லை.

இன்று நிற்கவில்லை. முனகிக்கொண்டே உச்சிக்கு ஏறிவிட்டது.

"ஏன்யா, எப்படி நிக்காம வந்துச்சு?"

எராஸ்மோ ஓரங்கட்டினான். "இனிமே மறைக்க முடியாது. இறங்கு."

பானெட்டைத் தூக்கினான். பெட்ரோல் குழாய் நெடுக மரக் கிளிப்புகள் கவ்விக்கொண்டிருந்தன. நீலப் பொட்டு!

"இந்தக் குழாய் சுட்டு, உள்ள பெட்ரோல் ஆவியாயிடுது. அதான் நின்னுச்சு. மரம் அந்தச் சூட்டை வாங்கிக்கும்."

"அடப்பாவி, நீதானா! சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"எங்க சொல்ல விட்ட? எடுத்த அன்னைக்கே தெருவே கேக்கக் கத்தின."

"மிக்டாலியாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். 'சொன்னா அவ கிளிப்பைப் பிடுங்கிடுவா, வண்டி நின்னுடும். என்னைத் திட்டிட்டுப் போகட்டும்'னாங்க."

ஒடாலிஸ் குனிந்து பார்த்தாள். நீலப் பொட்டுகள் பாதிக் குழாயோடு முடிந்திருந்தன. மீதியெல்லாம் சிவப்புப் பொட்டு.

"இது... யாரோடது?"

"உன்னோடது பத்தல. அவங்க துணி ஏன் வேலியில காயுதுன்னு நினைச்ச?"