ஐஸ் கம்பெனி அஸ்திவாரம்

கார் டிக்கியைத் திறந்ததுமே பெலிசியா மூக்கைப் பொத்திக்கொண்டாள். டேப்பும் சுத்தியலும் வைத்திருந்த இடத்தில் ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸுக்கு நடுவே முழுசாக ஒரு வஞ்சிரம்.

"யார் வெச்சது இது?"

"நான்தான் மேடம்" என்று பல்லைக் காட்டியபடி வந்தான் டேவிட் ராஜ். "சிதம்பரம் போயி சேர்ற வரைக்கும் கெடாது. நம்ம கம்பெனி ஐஸு."

தேவனாம்பட்டினத்தில் அந்த ஐஸ் கம்பெனியை அவனும் அவன் அக்கா ஜெயராணியும் பங்கு போட்டு நடத்தினார்கள். பழைய கம்ப்ரஸர் உயிரை விட்டுவிட்டது. புதிதாக வரப்போவது அதைவிட ரொம்பக் கனம். அந்த எடையையும் அதிர்வையும் பழைய கான்கிரீட் அஸ்திவாரம் தாங்குமா என்று பார்த்துச் சொல்லத்தான், அண்ணாமலை நகரிலிருந்து இன்ஜினியர் பெலிசியாவை வரவழைத்திருந்தார்கள்.

தாங்கினால் மெஷின் வரும். தாங்காவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான். கடலோரத்தில் புதிதாகத் தோண்ட இப்போது அனுமதி கிடைக்காது.

"எடுங்க முதல்ல இதை!"

"கோவப்படாதீங்க மேடம். நீங்க எழுதறதுலதான் எல்லாமே இருக்கு. நம்ம பக்கம் பாத்து எழுதுங்க. பின் சீட்டுல ஒரு பட்டுப்பொடவகூட வெச்சிருக்கேன்."

சே, என்ன ஜென்மம் இது! உதட்டோரம் வெற்றிலைச் சாறு வழிய அவன் குழைந்ததைப் பார்க்க, அழுகிய மீனே தேவலை என்றிருந்தது அவளுக்கு. காசுக்குக் கையெழுத்துப் போடாதவள் என்று சிதம்பரம் பக்கம் பேர் வாங்கியவள். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முற்றத்தில் இரண்டு பேர் சுவருக்குச் சுவர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். "வேலி போடறதுக்கு மேடம்" என்றான் கேட்காமலே.

உள்ளே ஜெயராணி வேலையாட்களோடு நின்றிருந்தாள். "என்னா இருக்குதோ அத எழுதுங்கம்மா. இத நம்பி இங்க இத்தினி குடும்பம் இருக்குது."

தம்பி மீனைக் காட்டி மயக்குவான், அக்கா கண்ணைக் கசக்கி மயக்குவாளா? கூட்டுக் களவாணிகள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பெலிசியா பழைய கம்ப்ரஸரைக் கழற்றிய குழிக்குள் இறங்கினாள்.

அஸ்திவாரத்தின் ஓரமாகத் தோண்டிப் பார்த்தால், நினைத்ததைவிட ஆழம். போன வாரம் துளைத்தெடுத்துப்போன கான்கிரீட் துண்டு சோதனையில் இரும்பாக நின்றிருந்தது. எவனோ வஞ்சனையில்லாமல் போட்டிருக்கிறான். கணக்கைத் திரும்பப் போட்டாள். தாராளமாகத் தாங்கும்.

அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'தாங்கும்' என்று எழுதிவிட்டுப் போனால், ஒரு மீனுக்கும் புடவைக்கும் மடங்கிவிட்டாள் என்று இந்த ஆள் கடலூர் முழுக்கத் தம்பட்டம் அடிப்பான். நினைக்கவே உடம்பெல்லாம் கூசியது.

பேனாவை எடுத்தாள். 'புதிய இயந்திரத்தின் அதிர்வைத் தாங்காது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஜெயராணியிடம் நீட்டினாள்.

படித்த ஜெயராணி அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நெசமாவாம்மா? இன்னொரு தரம் பாருங்களேன்."

"கணக்கு பொய் சொல்லாதும்மா" என்றாள் பெலிசியா. சொல்லும்போது ஜெயராணியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் நிமிர்ந்தே வெளியே நடந்தாள்.

கார்க் கதவைத் திறந்து புடவைப் பெட்டியை டேவிட் ராஜின் காலடியில் விட்டெறிந்தாள். "என்னை வாங்க முடியாது. உள்ள போய் உங்க அக்கா கையில இருக்கறதப் படிச்சுப் பாருங்க!"

உள்ளே ஓடிப் படித்துவிட்டு ஓடிவந்தான். கத்தப்போகிறான் என்று பெலிசியா காத்திருந்தாள். அவனோ மண்ணில் கிடந்த பெட்டியை எடுத்துத் துண்டால் துடைத்து, பதவிசாகப் பின் சீட்டிலேயே திரும்ப வைத்தான்.

"சொன்னாப்பல எழுதிக் குடுத்துட்டீங்க மேடம், இந்த எடத்த விக்கக் கூடாதுன்னு எங்க அக்கா இனிமே வாயத் தொறக்க முடியாது!"